கான்சாஸில் அனுதாப அலை

அக்டோபர் 1, செவ்வாய்

ஜெபமாலை மாதம் தொடங்கிவிட்டது. மாலை ஏழு மணிக்கு என் அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது என்று மேலாளரிடம் மறுபடியும் சொல்லிவைத்தேன். எழுபத்தாறு வயதில் நான் எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொன்னேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த நாளிலிருந்து ஜெபமாலையைப் பாதியில் விட்டு எழுந்ததில்லை. திருச்சி பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கூரையில் தீப்பிடித்த அன்றுகூட, ஐந்தாவது பத்து முடிந்த பிறகுதான் வாளியை எடுத்தேன்.

இன்னொன்றும் சொன்னேன். நவம்பர் முதல் வாரத்தில் என் மகன் வருகிறான், அறையில் கூடுதலாக ஒரு கட்டில் போட வேண்டும் என்று. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். இக்னேஷியஸ் தன் தகப்பனார் கல்லறைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடம் வருவதாகத் தை மாதத்திலேயே வாக்குக் கொடுத்தான்.

இந்த முதியோர் குடியிருப்பில் ஒரு புதிய கூத்து. கோவைக்கு வெளியே, வடவள்ளி தாண்டி, மலையைப் பார்த்தபடி நாற்பது அறைகள். முக்கால்வாசிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பிள்ளை இருக்கும் மாநிலம்தான் பெயர். நான் கான்சாஸ். எனக்கு ரெஜினா சவரிராயன் என்று ஞானஸ்நானம் கொடுத்த பெயரும் கட்டியவரின் பெயரும் இருப்பது மருந்துச் சீட்டுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த மாதம் அங்கே ஜனாதிபதித் தேர்தல். புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற வேங்கடவரதன் (மகன் அரிசோனா) சாப்பாட்டுக் கூடத்தில் அமெரிக்க வரைபடத்தை மாட்டியிருக்கிறார். பரம்பரையாக யானைச் சின்னக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவரும் மாநிலங்களில் எவை இம்முறை கழுதைச் சின்னக் கட்சிக்கு மாறும் என்று கணக்கிடப் போகிறாராம். நம் பிள்ளைகள் இருக்கும் மாநிலங்களுக்கு மட்டும் நிறம். நியூயார்க்கில் யாருக்கும் பிள்ளை இல்லாததால் அது 'மற்றவை'யில் வெள்ளையாகக் கிடக்கிறது.

மாறக்கூடிய மாநிலங்களுக்குச் சமையலறையை ஒட்டிய நடு மேசை. மாறாத மாநிலங்களுக்குக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை. கான்சாஸ் அறுபது வருடமாக மாறவில்லை. எனவே நானும், காது கேட்காத ஐடஹோ தாசில்தாரும் குழாயடிக்கு வந்துவிட்டோம். தோசை எங்களிடம் வரும்போது அதற்கும் எங்கள் வயதாகிவிடுகிறது.

அக்டோபர் 2, புதன்

கான்சாஸில் இருபத்தாறு டிகிரி, நல்ல வெயில். கைபேசியில் பார்த்தேன். தொப்பி போட்டுக்கொண்டு போகிறானோ என்னவோ.

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் 'கள நிலவரக் கூட்டம்'. ஒவ்வொரு ஞாயிறும் அவரவர் பிள்ளையிடம் தொலைபேசியில் விசாரித்ததை எழுந்து சொல்ல வேண்டும்.

முதலில் டெக்சாஸ். மயிலாத்தா என்ற அம்மாள். இரண்டு மகன்களும் ஒரு மகளும் அங்கேதான். பேரப்பிள்ளைகளோடு தினமும் கைபேசியில் முகம் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசுவார். எனக்கும் அவருக்கும் எட்டு மாதம்தான் வித்தியாசம்; என்னை 'அக்கா' என்கிறார். பெரிய மகன் யானை, சின்ன மகன் கழுதை, மகள் இருவரிடமும் பேசுவதில்லை என்று அறிக்கை கொடுத்தார். பேராசிரியர் பரவசமாகக் குறித்துக்கொண்டார்.

அடுத்து ஜார்ஜியா. மில் தொழிற்சங்கத்தில் இருந்த தோழர் ஆறுக்குட்டி. இவருக்கு நிறத்தில்தான் தகராறு. அமெரிக்காவில் பழமைவாதக் கட்சிக்குச் சிவப்பு என்பதை ஏற்க முடியாது என்று முதல் நாளே வெளிநடப்புச் செய்தவர். கடைசியில் எங்கள் வரைபடத்தில் மட்டும் நிறங்களை மாற்றிப் போட்டுச் சமாதானமானார்கள். உலகத்திலேயே இங்கே மட்டும்தான் யானை நீலம்.

கான்சாஸ் எழுந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோழர் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தார்: "அறுபது வருசமா ஒரே சின்னத்துக்கா குத்துறாங்க? அந்த ஊர்ல கரண்ட்டே போகாதா?"

சிரித்தார்கள். பேராசிரியர், மகன் என்ன சொல்கிறார், மேடம், சொல்ல ஒன்றும் இருக்காது, இருந்தாலும் மரபுக்குக் கேட்கிறேன் என்றார். மகன் இந்த வாரம் கூப்பிட்டானா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூப்பிட்டான் என்றேன். கான்சாஸில் இம்முறை காற்று மாறி அடிப்பதாகவும் சொன்னான் என்றேன்.

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. இது பொய் இல்லை. காலையில் வானிலை பார்த்தபோது காற்று உண்மையாகவே தெற்கிலிருந்து வடக்குக்கு மாறியிருந்தது. அதற்கு அவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்பது அவர்கள் பாடு.

அக்டோபர் 7, திங்கள்

நடு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். தோசை விரல் சுடும் பதத்தில் வந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

நடு மேசைக்கு வந்தவர் வெறும் காற்றைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பேராசிரியர் ஆதாரம் கேட்டார். கொடுத்தேன்.

திரு. ஹென்ட்ரிக்ஸ். வயது எண்பத்தொன்று. கோதுமை விவசாயி, நிலம் ஊருக்கு வெளியே, வீடு இக்னேஷியஸின் பக்கத்து வீடு. முழங்கால் வலி. ஓட்டுரிமை வந்த நாளாக யானைக்குத் தவிர வேறெதற்கும் போட்டதில்லை. இந்த வருடம் யோசிக்கிறார்.

பெயர், பொன்மலைப் பணிமனையில் இருந்த ஒரு போர்மேனுடையது. அவருக்கு இனி அது தேவைப்படாது. மற்றபடி நான் அளவு மீறவில்லை. கான்சாஸில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரில் யோசிக்கிற கிழவர் ஒருவர்கூடவா இருக்க மாட்டார்? முழங்கால் வலி எல்லா ஊரிலும் உண்டு.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையில் ஐந்து பேர் ஹென்ட்ரிக்ஸின் முழங்காலை விசாரித்தார்கள். என் முழங்காலை மூன்று வருடத்தில் எவரும் விசாரித்ததில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மதியம் தூங்கும் நேரத்தில் மயிலாத்தா கதவைத் தட்டினார். மருதமலை முருகனுக்கு ஹென்ட்ரிக்ஸ் பெயரில் வேண்டிக்கொண்டாராம். அவர் நட்சத்திரம் தெரியுமா என்று கேட்டார். வெள்ளைக்காரர்களுக்கு நட்சத்திரம் கிடையாது என்றேன். பாவமுங்க்கா என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் பையன் கூப்பிட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லையே, எந்த நேரத்தில் கூப்பிடுவார் என்று பேச்சுவாக்கில் கேட்டார். ஒழுங்கான நேரத்தில் என்றேன்.

உண்மையில் அவனுக்கு நேரம் பார்த்துக் கூப்பிடத் தெரியாது. மே மாதம் ஒருநாள் சரியாக ஏழரை மணிக்குக் கூப்பிட்டான். நான் மூன்றாவது தேவ இரகசியத்தில், அதாவது ஜெபமாலையின் நடுவில், இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும் என்றான். குரல் சளி பிடித்தது போல இருந்தது. ஜெபமாலை நேரம், பிறகு கூப்பிடு என்று வைத்துவிட்டேன். பிறகு கூப்பிட்டபோது உடம்பு எப்படி என்றுதான் கேட்டான். அதற்கப்புறம் வேலை அதிகம் போலிருக்கிறது. பூங்கொத்துப் படமும் கட்டைவிரல் படமும் அனுப்புகிறான். கட்டைவிரல் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஹென்ட்ரிக்ஸ் தன் வீட்டு முன்புல்வெளியில் நட்டிருந்த யானைக் கட்சிப் பலகையைப் பிடுங்கி, கொட்டகையில் சாய்த்துவைத்திருக்கிறார். திருப்பியா, நேராகவா என்று பேராசிரியர் கேட்டார். எழுத்து சுவரைப் பார்த்தபடி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தோழர் எழுந்து, ஒரு விவசாயி தன் வர்க்கத்தை உணர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, பரவாயில்லை, வாழ்த்தித் தீர்மானம் போட வேண்டும் என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஐடஹோ தாசில்தார் எதற்கென்று தெரியாமலே இரண்டு கையையும் தூக்கினார்.

கூட்டம் முடியும்போதுதான் வினை வந்தது. டெக்சாஸிலிருந்து கான்சாஸுக்குக் காரில் எட்டு மணி நேரம்தானாம். மயிலாத்தாவின் சின்ன மகன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகிறானாம். அதற்குமுன் டெக்சாஸ் புறப்படும் ஓர் உறவுக்காரர் கையில், ஹென்ட்ரிக்ஸுக்கு ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும், முழங்காலுக்கு ஒரு தைலமும் கொடுத்தனுப்பப் போகிறார். அப்படியே உங்கள் பையனையும் பார்த்துவிட்டு வருவான், விலாசம் மட்டும் கொடுங்கள் என்றார்.

தேடித் தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

விலாசம் கேட்டார். கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் சொன்னேன்.

அக்டோபர் 25, வெள்ளி

இக்னேஷியஸிடமிருந்து செய்தி: 'நவம்பர்ல வர்றது கஷ்டம்மா. அப்புறம் சொல்றேன்.'

கஷ்டம் என்றால் முடியாது என்று பொருள் இல்லை. பள்ளியில் மதர் சுப்பீரியர் எங்களுக்குக் கஷ்டமானவற்றை மட்டும்தான் செய்யச் சொல்லுவார். கட்டில் வந்துவிட்டது. சன்னல் பக்கம் போட்டு, புதுப் போர்வை விரிக்கச் செய்தேன். சரியாக விரிக்கவில்லை. எடுத்துவிட்டு நானே விரித்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஹென்ட்ரிக்ஸ் காலமானார்.

வேறு வழியில்லை. மயிலாத்தாவின் மகன் புதன்கிழமை புறப்படுகிறான். நேற்றிரவு தூக்கத்தில், வேதனை இல்லாமல், எல்லா அருட்சாதனங்களும் பெற்று என்று கூட்டத்தில் சொன்னேன். அவர் கத்தோலிக்கரா என்று யாரோ கேட்டார்கள். கடைசி நேரத்தில் என்றேன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது நிம்மதியாக இருந்தது. இத்தோடு இந்த விவகாரம் முடிந்தது. குழாயடிக்குத் திரும்பிப் போகவும் தயார்.

அக்டோபர் 28, திங்கள்

முடியவில்லை.

காலை பலகாரத்துக்கு முன் இரண்டு நிமிட மௌனம். கரும்பலகையில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி, படம் கிடைக்காததால் ஒரு டிராக்டர் வரைந்திருந்தார்கள். அதற்கு மாலை. தோழர் கறுப்புத் துண்டு போட்டிருந்தார். மயிலாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊறுகாய்ப் பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

பேராசிரியர் எழுந்து வரைபடத்துக்குப் போனார். இதுவரை கான்சாஸைச் 'சந்தேகம்' என்று கட்டம் போட்டிருந்தார். இப்போது கட்டத்தை அழித்துவிட்டு முழுதாகக் கழுதையின் சிவப்பைத் தீட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

"அனுதாப அலை, மேடம்," என்றார். "ஒரு சாவு எத்தனை தொகுதியை அள்ளும்னு நமக்குத் தெரியாததா? அதுவும் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கறப்போ."

அமெரிக்காவில் அப்படி ஒன்று கிடையாது, அதுவும் ஒரு விவசாயி இறந்ததற்கு ஒரு மாநிலமே மாறாது என்று நானே வாதாடினேன். என் துக்கத்தை எல்லோரும் மெச்சினார்கள். அந்தக் குடும்பத்தோடு பழகியவர், அரசியலாகப் பார்க்க மனசு வரவில்லை என்றார் தோழர்.

அக்டோபர் 30, புதன்

தோழரின் தங்கை பேரன் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறானாம். வந்து அரை மணி நேரம் படம் பிடித்தான். மறுத்திருக்கலாம். ஆனால் புடவையை ஒழுங்காக உடுத்தாத யாரையாவது நடுவில் உட்காரவைத்துப் பேச விட்டுவிடுவார்கள் போல் இருந்தது. எனவே பழுப்புப் பட்டுப் புடவையை உடுத்திக்கொண்டு போனேன். ஹென்ட்ரிக்ஸைப் பற்றிக் குறைவாகவே பேசினேன். கடைசியாக, கான்சாஸ் மக்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டான். வீட்டுக்கு அவ்வப்போது தொலைபேசியில் பேச வேண்டும் என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்கும் வெடி. அந்தக் காணொளி வந்துவிட்டது. 'கவிழ்கிறது கான்சாஸ்!!! அமெரிக்க அரசியல் நோக்கர் ரெஜினா சவரிராயன் அதிரடி!!!' மொத்தம் ஆறு ஆச்சரியக்குறிகள். ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும் என்று சொல்லியனுப்பினேன்.

நவம்பர் 1, வெள்ளி

விமானம் எதிலும் யாரும் வரவில்லை. கட்டிலை எடுத்துவிடலாமா என்று மேலாளர் கேட்டார். இருக்கட்டும், துணி மடித்து வைக்க உதவும் என்றேன்.

நவம்பர் 2, சனி

விடியற்காலையில் வாடகைக் காரில் திருச்சி. மகன் வராதது தெரிந்து மயிலாத்தா தானாக வந்து ஏறிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார். கரூர் வரை தூங்கினார். பிறகு பேசினார்.

"எம் பசங்க தினமும் கூப்புடுவாங்கதானுங்க்கா. ஆனா என்ன பேசுறாங்கன்னு நெனைக்கிறீங்க? சாப்டியா, மாத்திரை போட்டியா. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு வாட்டி அதையே கேப்பாங்க. உங்க பையனப் பாருங்க, பக்கத்து ஊட்டுக்காரர் முழங்கால் வரைக்கும் சொல்றாரு. குடுத்து வெச்சவங்க நீங்க."

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். காவிரியில் தண்ணீர் நிறைய.

கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்து, பூப்போட்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போன வாரமே ஆள் வைத்து வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தேன். ஓரங்களில் திட்டுத்திட்டாக விட்டிருந்தான். மாலை போட்டேன், மெழுகுவத்தி ஏற்றினேன். வருடாவருடம் வலது மூலையில் வைக்கும் மெழுகுவத்தி இக்னேஷியஸுடையது. அதை எடுத்து வைக்கப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

மயிலாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பி நின்றார். ஹென்ட்ரிக்ஸுக்கு என்றார்.

தடுத்திருக்கலாம். சவரிராயன் உயிரோடு இருந்தவரை கலகலப்பான மனிதர். விருந்தாளி வந்தால் எழுந்து நாற்காலி போடுவார். இக்னேஷியஸின் மெழுகுவத்தியை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

திருப்பலிக்குப் போய்வந்து கைபேசியைப் பார்த்தால் இக்னேஷியஸ் அனுப்பிய குரல் பதிவு. எழுத்து இல்லை, பூங்கொத்து இல்லை, கட்டைவிரல் இல்லை. கேட்டேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மறுபடியும் கேட்டேன். உள்ளபடியே எழுதிவைக்கிறேன்.

"அம்மா, யாரு அந்த ஹென்ட்ரிக்ஸ்? கான்சாஸ் தமிழ்ச் சங்கக் குரூப்ல உங்க வீடியோதான் ஓடுது. ஆளாளுக்கு என்னக் கேக்குறாங்க. அம்மா, நான் கான்சாஸ்லயே இல்ல. ஏப்ரல்லயே ஒமாஹா வந்துட்டேன். நெப்ராஸ்கா. வேலை போயிடுச்சு, இங்க ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸ்ல கிடைச்சுது. ஷெரின் அங்கேயே இருக்கா. அதச் சொல்லத்தான் மே மாசம் கூப்பிட்டேன். நீங்க மூணாவது தேவ இரகசியத்துல இருந்தீங்க."

பிறகு, "அந்தப் பட்டுல நல்லா இருந்தீங்கம்மா" என்கிறான்.

ஒரு படமும் அனுப்பியிருக்கிறான். ஒரு சலவைக் கடை, அதற்கு மேலே ஒரு சன்னல், அதுதான் வீடாம். வாசலில் வெள்ளைப் பலகை. எழுத்தே இல்லை, நடுவில் பெரிய நீலப் பொட்டு மட்டும்.

மருமகள் ஷெரினுக்குக் கான்சாஸில் வேலை இருக்கும். கணவனுக்கு ஓர் ஊரில் வேலை, மனைவிக்கு இன்னோர் ஊரில் வேலை. ரயில்வேயில் நாங்கள் பார்க்காததா? மாற்றல் ஆனால் அப்படித்தான்.

கள நிலவரக் கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி.

நவம்பர் 4, திங்கள்

ஒமாஹாவில் பத்து டிகிரி, தூறல்.

நவம்பர் 5, செவ்வாய்

அங்கே இன்று வாக்குப்பதிவு. கூடத்தில் தோரணம் கட்டியிருக்கிறார்கள். கான்சாஸ் விழுந்ததும் கேசரி போட வேண்டும் என்று சமையற்காரருக்கு உத்தரவு. பதில் பேச இரண்டு முறை கைபேசியைக் கையில் எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று பிடிபடவில்லை. கட்டுரைக்கு முன்னுரை எழுதுவதில் பள்ளியில் எனக்குத்தான் முதல் பரிசு.

நவம்பர் 6, புதன்

விடிவதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. என்னை முன்வரிசை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பட்டு உடுத்தவில்லை, நூல் புடவை.

பலகாரம் முடிவதற்குள் கான்சாஸ் அறிவிக்கப்பட்டுவிட்டது. யானை. எந்தச் சலனமும் இல்லாமல், போன முறையும் அதற்கு முந்தைய முறையும் எப்படியோ அப்படியே. தொலைக்காட்சிக்காரர் அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

கேசரி வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. பேராசிரியர் எழுந்து திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. கோபம் இல்லை, கணக்கு தப்பாகிப் போன மனிதரின் முகம். அலை எங்கே போயிற்று, மேடம், உங்கள் மகனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எண்ணுவதில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள் என்றார். மற்றவர்களும், ஆமாம், கூப்பிடுங்கள், இப்போதே கூப்பிடுங்கள் என்றார்கள்.

எழுந்து நின்றேன். பேசும்போது முதுகு நேராக இருக்க வேண்டும் என்பது பள்ளியில் கற்றது.

"கான்சாஸ் மாறவில்லை," என்றேன். "மாறியது என் மகன். ஏழு மாதமாக அவன் நெப்ராஸ்காவில் இருக்கிறான், ஒமாஹாவில். தனியாக இருக்கிறான். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். இங்கே நான் சொன்ன எதையும் அவன் சொல்லவில்லை. அவன் என்னோடு பேசுவதே இல்லை. ஹென்ட்ரிக்ஸ் என்று யாரும் கிடையாது."

பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடி மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். தாசில்தார் அன்போடு நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

முன்னால் சலசலப்பு. ஒரே ஒரு ஆள்கூட இல்லாமல் இவ்வளவு பெரிய அனுதாபத்தை உண்டாக்கியிருக்கிறாரே, இவர் சங்கத்தில் இருந்திருந்தால் எத்தனை மில்லை மூடியிருக்கலாம் என்று தோழர் வியந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஜார்ஜியா சிவப்பானபோது பழக்கத்தில் கை தட்டிவிட்டு, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

மயிலாத்தா எழுந்து என்னிடம் வந்தார். வருவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தாளே இல்லைன்னா, முழங்காலுக்கு நான் வேண்டிக்கிட்டது என்னங்க்கா ஆகறது?"

தட்டைச் சற்று நகர்த்திவைத்தேன்.

"உங்களுக்கு முழங்கால் வலி இருக்குதுங்கள்ல?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப உங்களுக்கே மாத்திக்கலாமுங்க. வெள்ளிக்கெழமை நடந்து போறேன்." ஊறுகாய்ப் பாட்டிலை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதும் ஆள் இல்லாமக் கெடந்துச்சு."

மத்தியானம் பேராசிரியர் வந்தார். பென்சில் காதில் இருந்தது. நெப்ராஸ்காவை 'மற்றவை'யில் போட்டதால் கவனிக்காமல் விட்டுவிட்டாராம். மற்ற மாநிலங்களைப் போல அங்கே எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே கட்சிக்குக் கொடுப்பதில்லையாம். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு உள்ளவை ஐந்து ஓட்டுகள்; நான்கு யானைக்குப் போய்விட்டது. ஒமாஹாவின் ஒன்று மட்டும் தனியாகக் கழுதைக்கு. சுற்றிலும் அத்தனை மைலுக்கு அந்த ஒன்றுதான் அப்படி நிற்கிறது, அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் வாசலில் பொட்டு வைத்த பலகை வைக்கிறார்கள் என்றார். வரைபடத்தில் அதைக் காட்ட இடம் போதவில்லை. என் நெற்றிப்பொட்டு அளவுக்குக்கூட வராது என்று மயிலாத்தா தன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அங்கே ஒட்டினார். தோழரின் நிறத் தகராறால் எங்கள் வரைபடத்தில் கழுதைக்குச் சிவப்பு என்பதால், அது சிவப்பாக இருந்தது சரியாகவே அமைந்துவிட்டது.

பேராசிரியர் நடு மேசைக்கு வரச் சொன்னார். இங்கேயே இருக்கிறேன் என்றேன். மாலைச் சிற்றுண்டிக்குத் தோசையைச் சமையற்காரர் முதலில் குழாயடிக்குக் கொண்டுவந்தார். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலையில் உட்கார்ந்தேன். மூன்றாவது தேவ இரகசியத்தில் இருந்தபோது கைபேசி அடித்தது. இக்னேஷியஸ். அவனுக்கு நேரம் பார்த்துக் கூப்பிடத் தெரியாது என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

எடுத்தேன்.

"அம்மா, ஐயோ, ஜெபமாலை நேரமா? அப்புறம் கூப்புடட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். "மே மாதம் சொல்ல வந்ததைச் சொல்லு."

சலவை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். வேலை போன அன்றைக்குப் பத்துநாள் முன்பிருந்து தொடங்கி, வீட்டை விட்டு வந்தது, ஷெரினின் வக்கீல், சலவைக் கடைக்காரி கொடுத்த பழைய மேசை, எல்லாம். எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் உச்சரிக்காத அந்தச் சொல்லையும் உச்சரித்தான். கேட்டுக்கொண்டேன். இரண்டு இடத்தில் அவன் செய்தது தவறு என்று தோன்றியது. சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று கேட்டான். கட்டில் போட்டுத்தான் இருக்கிறது என்றேன். கடைசியில், ஹென்ட்ரிக்ஸ் எப்படி இறந்தார் என்று கேட்டான். தூக்கத்தில் என்றேன். சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. இங்கே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவன் வைத்தபோது சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. என் விரல் மூன்றாவது பத்தில் ஆறாவது மணியிலேயே இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தையைக் கேட்க வேண்டும். இதற்கு முன் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை.